பழைய டிவிக்கு ஸ்டிக் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கேபிள்காரர் வேலை உங்களுக்கு வரும்

கேள்வி இதுதான். கும்பகோணத்தில் அப்பா, அம்மா இருவர் மட்டும். 2015-இல் வாங்கிய 32 அங்குல எல்இடி டிவி, கேபிள் இணைப்பு இருக்கிறது. போன மாதம் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டாயிற்று. கேட்கும் மகன் பெங்களூரில். ஸ்டிக் (டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் மாட்டினால் இணையம் வழியாக ஓடிடி, யூடியூப் எல்லாம் காட்டும் சின்னக் கருவி) வாங்கி மாட்டினால் போதுமா, டிவியையே மாற்ற வேண்டுமா, கடைவீதியில் “எல்லாச் சேனலும் ஃப்ரீ” என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டி எப்படி? அப்புறம் கேபிளை நிறுத்திவிடலாமா?

எங்கள் வீட்டில் 2017-இலிருந்து ஏதாவது ஒரு ஸ்டிக் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் அம்மா வீட்டில் ஒன்று, மாமியார் வீட்டில் ஒன்று என்று மொத்தம் மூன்று டிவிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். “பார்த்துக்கொள்கிறேன்” என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கேபிள் இருந்தவரை படம் வரவில்லை என்றால் கேபிள்காரருக்கு ஒரு போன் போடுவோம். அவர் சைக்கிளில் வந்து பின்னைக் கழற்றி மாட்டிவிட்டுப் போவார். ஸ்டிக்குக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அம்மா உங்களுக்குத்தான் போன் போடுவார். பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும்போது போடுவார். அதனால் எதை வாங்கினாலும் போனில் சொல்லியே சரிசெய்ய முடிகிற மாதிரி வாங்குங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில், டிவியை மாற்ற வேண்டாம். 2015 டிவியில் ஹெச்டிஎம்ஐ போர்ட் கட்டாயம் இருக்கும், அது போதும். ஸ்மார்ட் டிவியில் பேனல் (திரை) பத்து வருடம் உழைக்கும், உள்ளே இருக்கும் மென்பொருள் அவ்வளவு நாள் தாங்காது. 2010, 2011 வாக்கில் வந்த சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் 2019 டிசம்பரோடு நெட்ஃப்ளிக்ஸ் நின்றுபோனது. ஸ்டிக்குக்கும் இதே கதிதான். அமேசானின் முதல் தலைமுறை ஃபயர் டிவி ஸ்டிக்குகளில் 2025 ஜூனோடு நெட்ஃப்ளிக்ஸ் நின்றது. ஆனால் ஸ்டிக் கிழமாகிவிட்டால் சில ஆயிரத்தோடு போகும், டிவி அப்படியே இருக்கும். டிவியே கெட்டுப்போகும்போது ஸ்மார்ட் டிவி பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

எந்த ஸ்டிக்? 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை ஹெச்டி ரெடிதான் (முழு ஹெச்டியைவிடத் தெளிவு குறைவு), 4கே படம் அதில் தெரியப்போவதில்லை. ஆனாலும் பட்ஜெட் இடம் கொடுத்தால் 4கே ஸ்டிக்கையே வாங்குங்கள் என்பேன். படத்துக்காக இல்லை, வேகத்துக்காக. விலை குறைந்த ஸ்டிக்குகளில் ரேம் 1 ஜிபி அளவில்தான் இருக்கும், பல 4கே ஸ்டிக்குகளில் அதைவிடக் கூடுதல். ரிமோட்டை அழுத்தினால் இரண்டு விநாடி ஒன்றும் நடக்காவிட்டால் நாம் காத்திருப்போம். அப்பா மறுபடி அழுத்துவார். அதற்கும் மறுபடி அழுத்துவார். பிறகு நான்கு அழுத்தும் ஒன்றாக வேலை செய்து, ஏதோ ஒரு தெலுங்குப் படத்தை வாடகைக்கு எடுக்கும் பக்கத்தில் போய் நிற்கும். (இதனால்தான் ஸ்டிக் மாட்டிய முதல் நாளே வாங்குவதற்கும் வாடகைக்கும் ‘பின்’ எண் போட்டுவிட வேண்டும்.)

அந்த “எல்லாச் சேனலும் ஃப்ரீ” பெட்டி வேண்டாம். ‘திருட்டு ஒளிபரப்பு தப்பு’ என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பெயர் தெரியாத அந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளில் பலவற்றில் தீம்பொருள் தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டு வந்திருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதற்காகவே ஒரு பொது எச்சரிக்கை விட்டது. இப்படிச் சிக்கிய கருவிகளை ஒன்றாக இயக்கும் வலைக்கு ‘பேட்பாக்ஸ் 2.0’ என்று பெயர். அடுத்த மாதம் கூகுள் அதை நடத்துபவர்கள் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அந்தப் பெட்டி உங்கள் வீட்டு இணைய இணைப்பையே வாடகைக்கு விடுகிறது. எங்கோ உட்கார்ந்திருப்பவர் உங்கள் வீட்டு ஐபி முகவரி வழியாகக் கணக்குகளை உடைக்கலாம், விளம்பரங்களைப் பொய்யாகக் கிளிக் செய்யலாம். தேடிப் பார்த்தால் முகவரி உங்கள் அப்பா பெயரில் இருக்கும். படமும் நன்றாகத் தெரியாது. முறையான உரிமம் இல்லாத பெட்டிகளில் ‘வைட்வைன் எல்1’ என்ற பாதுகாப்பு நிலை இருக்காது. அது இல்லையென்றால் நீங்கள் காசு கட்டிய ஓடிடி ஆப்கூட 480பி என்ற மங்கலான தரத்தில்தான் ஓடும், சிலவற்றில் ஓடவே ஓடாது. நாலாயிரம் ரூபாய்ப் பெட்டியில் “8கே” என்று அச்சடித்திருந்தால், அட்டைப் பெட்டி அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இனி மாட்டுவது. பெரும்பாலோர் இங்கேதான் முதல் தப்பைச் செய்வார்கள். ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுப்பார்கள், ஒயர் தொங்காமல் அழகாக இருக்கிறதே என்று. பழைய டிவியின் யுஎஸ்பி போர்ட் கொடுப்பது அரை ஆம்பியர், ஸ்டிக் கேட்பது ஒரு ஆம்பியர். படம் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்து மறுபடி லோகோ வரும். தவிர, டிவியை அணைக்கும்போதெல்லாம் அந்த போர்ட்டிலும் கரண்ட் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஸ்டிக் முதலிலிருந்து எழுந்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். சும்மா இருக்கும்போது அது இழுப்பது இரண்டு வாட் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மாத ஈபி பில்லில் மூன்று யூனிட்தான்.

ஸ்டிக்கோடு ஒரு சின்ன ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் வயரும் வரும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டிக் டிவியின் முதுகோடு ஒட்டி இருந்தால் சூடும் ஏறும், வைஃபையும் மறையும். நாலு அங்குலம் வெளியே தொங்கினால் இரண்டும் குறையும்.

வைஃபை பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், போன்களில் பாதி அதனால்தான் வரும். கும்பகோணம் வீடு என்கிறீர்கள். திண்ணை, ரேழி, கூடம் என்று நீளவாக்கில் போகும் பழைய வீடாக இருந்தால், ஃபைபர்காரர் ரவுட்டரை வாசல் பக்கம் முதல் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார். டிவி கூடத்தில். நடுவில் ஒன்றரை அடிச் சுவர் இரண்டு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் அந்தச் சுவரைத் தாண்டாது. 2.4 தாண்டும், மெதுவாக வரும். பக்கத்து வீடுகளின் வைஃபை, ஸ்டிக் ரிமோட்டின் புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அதே அலைவரிசையில்தான் மோதும். வேகத்தை ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் அளந்துவிட்டு “40 வருதே” என்று திருப்திப்பட வேண்டாம், டிவிக்குப் பின்னால் போனை வைத்து அளந்து பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது முழு ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. டிவிக்குப் பின்னால் நிலையாக 10 வந்தால் போதும், உங்கள் 40 தாராளம். வராவிட்டால் பிளானை உயர்த்தாதீர்கள், ரவுட்டரைக் கூடத்துக்கு நகர்த்துங்கள். ஃபைபர்காரரிடம் கேட்டால் கேபிளை நீட்டித் தருவார். அம்மா “சுத்திக்கிட்டே இருக்குப்பா” என்று சொல்வது பத்துக்கு எட்டு முறை இந்தச் சுவர்களால்தான்.

டேட்டா பயம் வேண்டாம். ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். நாளுக்கு நான்கு மணி நேரம் பார்த்தாலும் மாதம் 360 ஜிபி. “அன்லிமிடெட்” ஃபைபர் பிளான்களில் பலவற்றின் உண்மையான வரம்பு 3,300 ஜிபி. ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம் என்று நினைத்தால், நாளுக்கு 2 ஜிபி பேக் அரைப் படத்தில் காலி.

ஓடிடி சந்தா விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. போன் ரீசார்ஜோடு இலவசமாக வரும் சந்தாக்களில் பல, மொபைலுக்கு மட்டும் உள்ளவை. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் பிளானும் போன், டேப்லெட்டோடு சரி. டிவியில் போட்டால் பிளானை உயர்த்தச் சொல்லும். ரீசார்ஜ் விளம்பரத்தில் ஓடிடி லோகோக்கள் வரிசையாக இருக்கும், “மொபைல்” என்ற சொல் எறும்பு அளவில் இருக்கும். ஸ்டிக் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டோபே போட்டிருந்தால், தொகை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்க முடியும். அந்தத் தகவல் அப்பா போனுக்குப் போனால் அவர் படிக்கமாட்டார், உங்கள் எண்ணைக் கொடுங்கள். உங்கள் கார்டு விவரத்தை அந்த ஸ்டிக்கில் சேமிக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

சரி, இப்போது அப்பா கையில் ரிமோட்டைக் கொடுக்கும் இடம். என் அனுபவத்தில் இதுதான் உண்மையான சிக்கல். ஸ்டிக் மாட்டிவிட்டு நான் சென்னை திரும்பிய மறுநாள் அம்மா போன்: “டிவில ஒண்ணுமே வரலடா, நீலமா இருக்கு.” வீடியோ காலில் காட்டச் சொன்னேன். கேமராவை முதலில் தன் நெற்றிக்கும், அப்புறம் மின்விசிறிக்கும் காட்டினார். கடைசியில் டிவி தெரிந்தது. மூலையில் ‘ஏவி’ (பழைய மூன்று வண்ண ஒயர் இணைப்பு) என்று இருந்தது. அப்பா கேபிள் பார்க்க டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தியிருக்கிறார், திரும்பி ஹெச்டிஎம்ஐக்கு வரத் தெரியவில்லை. கேபிள் பெட்டி ஏவி-யில், ஸ்டிக் ஹெச்டிஎம்ஐ-யில், டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று. மேஜை மேல் மூன்று ரிமோட்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. டிவி செட்டிங்ஸில் ஹெச்டிஎம்ஐ-சிஇசி என்று ஒன்று. அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங் அதை ‘எனிநெட் பிளஸ்’ என்கிறது, எல்ஜி ‘சிம்ப்லிங்க்’, சோனி ‘பிராவியா சிங்க்’. பல டிவிகளில் அணைத்தே வைத்திருப்பார்கள். அதை ஆன் செய்துவிட்டால், ஸ்டிக் ரிமோட்டில் வீடு படம் போட்ட பட்டனை அழுத்தியதும் டிவியும் எழும், தானாகவே சரியான ஹெச்டிஎம்ஐக்கும் வந்துவிடும். உங்கள் டிவி அந்தக் காலத்து டிவி என்பதால் இது முழுதாக வேலை செய்யாமலும் போகலாம், போய் உட்கார்ந்து சோதித்துவிட்டு வாருங்கள். வேலை செய்தால் அப்பாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: “என்ன ஆனாலும் வீட்டுப் பட்டனை அழுத்துங்க.” எங்கள் அம்மா அந்தப் பட்டன் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். நான் எழுதி ஒட்டிய இரண்டு பக்கக் குறிப்பைவிட அந்தப் பொட்டுதான் பயன்படுகிறது.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ரவுட்டர் எழுந்து இணையம் வர இரண்டு மூன்று நிமிடம். ஸ்டிக் அதற்கு முன்பே எழுந்து “இணையம் இல்லை” என்று அறிவித்துவிடும். பெரியவர்கள் உடனே ஏதாவது பட்டனை அழுத்த ஆரம்பிப்பார்கள். அப்படி ஒருமுறை எங்கள் வீட்டு ஸ்டிக் தன் வைஃபை கடவுச்சொல்லையே மறக்க வைக்கப்பட்டது. “கரண்ட் வந்தா ஒரு காபி போட்டுக் குடிச்சிட்டு வந்து பாருங்க” என்பதே எங்கள் வீட்டு விதி. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரையும் அதில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே வரும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். ஸ்டிக்குக்குச் செய்யும் எந்தச் செலவையும்விட இது பலன் தரும்.

கேபிளை நிறுத்தலாமா என்றால், நிறுத்தாதீர்கள், குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு. காரணம், கேபிளில் டிவியை ஆன் செய்தால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கில் ஆன் செய்தால் “என்ன பார்க்கப் போகிறாய்?” என்று கேட்கும். நாற்பது வருடமாக எட்டு மணிக்கு என்ன வருமோ அதைப் பார்த்தவர்களிடம் திடீரென்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது சுமைதான். எங்கள் அம்மாவுக்கு சீரியல் இன்றைக்கும் கேபிளில்தான். விட்டுப்போன எபிசோடுக்கு மட்டும் ஸ்டிக்.

நேரலையும் இன்னொரு காரணம். போன ஐபிஎல்லில் ஒரு ராத்திரி, எங்கள் டிவியில் பவுலர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் “சிக்ஸ்!” என்று கத்தினார்கள். அவர்கள் வீட்டில் கேபிள். இணையத்தில் நேரலை வருவது துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டும் சில விநாடி நீளம். ஆப்பிள் நிறுவனத்தின் பரிந்துரை 6 விநாடி. மூன்று துண்டாவது கையில் சேர்ந்த பிறகுதான் ஓட்ட ஆரம்பிக்கும், நடுவில் சுற்றாமல் இருக்க. அங்கேயே 18 விநாடி போயிற்று, மற்றதெல்லாம் சேர்த்தால் அரை நிமிடம் பின்தங்குவது சகஜம். எத்தனை எம்பிபிஎஸ் போட்டாலும் இது போகாது. மேட்சுக்குக் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

யூடியூப்தான் அந்த வீட்டில் அதிகம் ஓடப்போகிறது என்று நினைக்கிறேன். அப்பாவுக்குக் கச்சேரி, அம்மாவுக்குச் சமையலும் கோவில்களும். காம்போதி ஆலாபனை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் டைல்ஸ் விளம்பரம் வரும், அதற்குக் காசு கட்டினால்தான் விடிவு. அதைவிட முக்கியம், உங்கள் கூகுள் கணக்கில் லாகின் செய்து கொடுக்காதீர்கள், அப்பா பெயரில் தனிக் கணக்கு போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ராத்திரி என்ன பார்த்தீர்கள் என்பது அங்கே முதல் வரிசையில் தெரியும். கோடை விடுமுறைக்குப் பேரன் வந்தால் ‘கெஸ்ட்’ முறையில் போடச் சொல்லுங்கள். என் அக்கா பையன் பத்து நாள் ஜேசிபி வீடியோ பார்த்துவிட்டுப் போனான். அதன் பிறகு ஒரு மாதம் அப்பாவின் சுப்ரபாதத்துக்குப் பக்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முகப்பில் வரும் விளம்பரங்களை முழுதாக நிறுத்த முடியாது, ஆனால் சத்தத்தை நிறுத்தலாம். ஃபயர் டிவியில் ‘பிரிஃபரன்சஸ்’ உள்ளே ‘ஃபீச்சர்ட் கன்டென்ட்’ என்பதில் வீடியோ, ஆடியோ இரண்டின் ஆட்டோபிளேயையும் அணையுங்கள். கூகுள் டிவி என்றால் கணக்கு செட்டிங்ஸில் ‘ஆப்ஸ் ஒன்லி மோட்’ இருக்கிறது, பரிந்துரைக் குப்பையெல்லாம் போய் ஆப்கள் மட்டும் நிற்கும். பெரியவர்களுக்கு அதுதான் சரி. அங்கேயே பிரைவசி பகுதியில் பார்க்கும் பழக்கத்தைச் சேகரிப்பது, விருப்பம் சார்ந்த விளம்பரம் என்று இருப்பதையும் அணைத்துவிடுங்கள். வெறும் சந்தேகத்தில் சொல்லவில்லை. விசியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்று நொடிக்கு நொடி சேகரித்ததற்காக, 2017-இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அந்த டிவிகள் திரையில் தெரியும் படத்தையே அடையாளம் கண்டன. ஸ்மார்ட் டிவியே வாங்குவதானால் இதே அமைப்பை அதிலும் தேடி அணைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் மாதம் ஒருமுறை ஏதாவது நிற்கும். இடம் நிரம்பிவிட்டால் மெதுவாகும். பல ஸ்டிக்குகளில் உள்ளே 8 ஜிபிதான், அதிலும் பாதியை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். பார்க்காத ஆப்களை நீக்குங்கள், மற்றவற்றின் கேஷை (சேர்ந்துபோன தற்காலிகக் கோப்புகளை) காலி செய்யுங்கள். சில நேரம் தப்பு உங்கள் வீட்டில் இருக்கவே இருக்காது. 2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் (ஸ்டிக் மாதிரியே கூகுள் விற்ற கருவி) ஒரே நாளில் படுத்துவிட்டன, உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. நிறையப் பேர் ஃபேக்டரி ரீசெட் செய்து நிலைமையை மோசமாக்கிக்கொண்டார்கள். சும்மா விட்டவர்களுக்குச் சில நாளில் அப்டேட் வந்து சரியாயிற்று. ஆகவே அம்மாவிடம் சொல்லவேண்டியது: “பிளக்கை எடுத்து, பத்து எண்ணி, மறுபடி போடும்மா. வரலன்னா அப்படியே விட்டுட்டுக் கேபிள் பாரு.” ரீசெட் என்ற சொல்லை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். ஃபைபர்காரர் ரவுட்டரை மாற்றினால் அதே பெயர், அதே கடவுச்சொல்லைப் போடச் சொல்லுங்கள், எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ரவுட்டரை மாற்றிய அதே வாரம் ஸ்டிக் ரிமோட்டும் காணாமல் போனது. போனிலேயே ரிமோட் ஆப் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஸ்டிக்கைப் புது வைஃபையில் சேர்க்கவோ ரிமோட் வேண்டும். அப்பா போனில் பழைய வைஃபையின் பெயரிலும் கடவுச்சொல்லிலும் ஒரு ஹாட்ஸ்பாட் போடச் சொன்னேன். ஸ்டிக் அதைப் பழைய ரவுட்டர் என்று நம்பி ஒட்டிக்கொண்டது. அம்மா போனையும் அதில் சேர்த்து, அதை ரிமோட்டாக்கி, ஸ்டிக்கைப் புது வைஃபைக்கு மாற்றினோம். போனில் முக்கால் மணி நேரம். ரிமோட் பத்து நாள் கழித்துக் கிடைத்தது, பூஜை அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில்.